எந்த ஆப்பில் போட்டால் ஐ.பி.ஓ. கிடைக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஐ.பி.ஓ., அதாவது ஒரு நிறுவனம் தன் பங்குகளை முதல் தடவையாகப் பொதுமக்களுக்கு விற்பது பற்றியவை. ஒரே கேள்வி நாலைந்து ஊர்களிலிருந்து வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: ஒன்றரை வருடமாக மொபைல் ஆப் வழியாக ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பித்து வருகிறேன். பதினோரு தடவை போட்டாயிற்று, ஒரு தடவைகூட அலாட் ஆகவில்லை. என் கொழுந்தனார், "உங்க புரோக்கர் சரியில்லை அண்ணி, வேற ஆப்ல கணக்கு ஆரம்பிங்க, அங்க நிறைய பேருக்குக் கிடைக்குது" என்கிறார். மாற்றிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அதற்காக மாற்ற வேண்டாம். நம் நாட்டில் ஐ.பி.ஓ.வைப் பொறுத்தவரை புரோக்கர் வெறும் தபால்காரர். நீங்கள் ஆப்பில் விண்ணப்பம் போட்டதும் அது என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ.யின் ஏலத் தளத்துக்குப் போகிறது, அங்கிருந்து ஒரு வங்கி வழியாக உங்கள் யூ.பி.ஐ.க்கு, பணத்தை நிறுத்திவைக்க அனுமதி கேட்கும் மேண்டேட் வருகிறது, நீங்கள் பின் போட்டு ஒப்புக்கொண்டதும் உங்கள் வங்கிக் கணக்கிலேயே பணம் பிளாக் ஆகிறது. அவ்வளவுதான், புரோக்கர் வேலை முடிந்தது. வெளியீடு முடிந்த பிறகு எல்லா விண்ணப்பங்களும் ரெஜிஸ்ட்ரார் என்ற நிறுவனத்திடம் போய்ச் சேரும். ஹைதராபாத்தின் கேஃபின், மும்பையில் முன்பு லிங்க் இன்டைம் என்ற பெயரில் இருந்த எம்.யூ.எஃப்.ஜி. இன்டைம், நம் சென்னை கிளப் ஹவுஸ் சாலையில் இருக்கும் கேமியோ போன்றவர்கள்தான் ரெஜிஸ்ட்ரார்கள். பான் எண்ணை வைத்து ஒரே ஆள் இரண்டு தடவை போட்டிருக்கிறாரா, பணம் பிளாக் ஆகியிருக்கிறதா என்று சரிபார்த்து, தகுதியான விண்ணப்பங்களை மட்டும் வைத்துக் குலுக்கல் நடக்கும். பங்குச் சந்தையின் ஒப்புதலும் அதற்கு வேண்டும். நீங்கள் எந்த ஆப்பில் போட்டீர்கள், அந்த புரோக்கரிடம் எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள், முதல் நாள் பத்து மணிக்கே போட்டீர்களா, கடைசி நாள் மத்தியானம் போட்டீர்களா என்பதெல்லாம் அந்தக் குலுக்கலுக்குள் வராது.

இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால், ஒவ்வொரு ஐ.பி.ஓ. முடிந்ததும் அந்த நிறுவனம் நாளிதழ்களில் 'ஒதுக்கீட்டு அடிப்படை' என்று ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுக்கும், அதைத் தேடி எடுத்துப் பாருங்கள். எத்தனை லாட்டுக்கு (லாட் என்பது குறைந்தபட்சம் விண்ணப்பிக்க வேண்டிய பங்குகளின் தொகுதி) எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை பேரில் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று பொடி எழுத்தில் நீளமாக அட்டவணை இருக்கும். அதில் புரோக்கர் பெயருக்கு ஒரு கட்டமே கிடையாது. உங்கள் கொழுந்தனாருக்கும் காட்டுங்கள்.

அவர் சொல்வது வேறு இடத்துக் கதையாக இருக்கலாம். அமெரிக்காவில் ஐ.பி.ஓ. பங்குகளில் ஒரு பகுதி புரோக்கர் நிறுவனங்களின் கைக்கு வந்து, அவர்கள்தான் தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள், கணக்கில் இவ்வளவு இருந்தால்தான் என்று நிபந்தனை வைப்பதும் உண்டு. அங்கே எந்த புரோக்கர் என்பது பெரிய விஷயம். அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் நிறைய.

அப்புறம், பதினோரு தடவை கிடைக்காதது உங்கள் ராசியும் இல்லை. இருபது பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்ற அளவுக்குக் கூட்டம் உள்ள ஐ.பி.ஓ.க்களாகவே பதினொன்றில் நூறு பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் ஏறக்குறைய 57 பேருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. பாதிப் பேருக்கு மேல் உங்களைப் போலத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இதை வெளியே சொல்வதில்லை, கிடைத்தவர்தான் ஸ்டேட்டஸ் வைக்கிறார்.

புரோக்கரை மாற்ற வேறு காரணங்கள் இருக்கலாம். வருடக் கட்டணம் அதிகம், விற்கும் நாளில் ஆப் திணறுகிறது, போன் செய்தால் எடுப்பதில்லை என்றெல்லாம் இருந்தால் மாற்றுங்கள். கிடைக்கும் வாய்ப்புக்காக வேண்டாம்.

கேள்வி: நான் 13 லாட், கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய்க்கு விண்ணப்பித்தேன். என்னோடு வேலை பார்ப்பவர் ஒரே ஒரு லாட்தான் போட்டார். அவருக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. இது என்ன நியாயம்?
– வாசகர், மதுரை

பதில்: நியாயம்தான் சார், உங்கள் கோபம் புரிந்தாலும்.

முன்பெல்லாம் அதிகம் போட்டவருக்கு அதிகம் என்று விகிதாசாரப்படி கொடுத்தார்கள். கையில் பணம் இருப்பவருக்கே அது வசதியாக இருந்தது. சிறு முதலீட்டாளர் ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு லாட், அதற்கே பங்கு போதவில்லை என்றால் குலுக்கல் என்று 2012-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி முடிவெடுத்தது. நான் மேலே சொன்ன விளம்பரத்தில் ஒரு லாட் போட்டவர் வரிசையையும் 13 லாட் போட்டவர் வரிசையையும் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே விகிதம்தான் இருக்கும். ஆக, கூட்டம் அதிகம் என்று தெரிந்த ஐ.பி.ஓ.வில் ஒரு லாட் போட்டால் போதும், மீதிப் பணத்தை முடக்குவதில் பலன் இல்லை.

இன்னொன்று. 'ரீடெய்ல் 20 மடங்கு' (ரீடெய்ல் என்பது சிறு முதலீட்டாளர் பிரிவு) என்று டி.வி.யில் சொல்வதைக் கேட்டு இருபதில் ஒருவருக்குத்தான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது கேட்கப்பட்ட பங்குகளின் கணக்கு. உங்களைப் போல 13 லாட் போட்டவர்களும் அதில் சேர்ந்திருப்பார்கள். விண்ணப்பங்களின் எண்ணிக்கை எத்தனை மடங்கு என்று தனியாகப் பார்க்க வேண்டும், அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

சரி, 13 லாட்டும் முழுசாகக் கிடைக்கும் சந்தர்ப்பம் உண்டா? உண்டு. 2024 அக்டோபரில் ஹூண்டாய் வந்தது, நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்களே, அவர்கள்தான். 27,870 கோடி ரூபாய், அதுவரை இந்தியாவில் வந்ததிலேயே பெரிய ஐ.பி.ஓ. சிறு முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கியதில் பாதிதான் நிரம்பியது. போட்டவர்களுக்குப் போட்டபடி கிடைத்தது. 1,960 ரூபாய்க்கு வாங்கிய பங்கு என்.எஸ்.இ.யில் 1,934-க்குத் திறந்து அன்றைக்கே இன்னும் இறங்கியது. விற்காமல் வைத்திருந்தவர்கள் அடுத்த வருடம் லாபம் பார்த்தார்கள் என்பது வேறு. முழுசாகக் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஏன் முழுசாகக் கிடைத்தது என்று யோசியுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆப்பில் 'அப்ளை' அழுத்தினேன், வெற்றிகரமாக அனுப்பப்பட்டது என்று வந்தது. ஆனால் வங்கியில் பணம் பிளாக் ஆகவில்லை. கடைசியில் விண்ணப்பமே ஏற்கப்படவில்லை என்கிறார்கள். எங்கே தவறு?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, ஆப்பில் அழுத்தியது பாதி வேலைதான். மீதிப் பாதி உங்கள் யூ.பி.ஐ. ஆப்பில் இருக்கிறது. அங்கே வரும் மேண்டேட்டை ஒப்புக்கொண்டால்தான் விண்ணப்பம் செல்லும். வெளியீடு முடியும் நாளில் மாலை 5 மணிக்குள் அதை முடித்தாக வேண்டும்.

எனக்கே இது நடந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் விண்ணப்பம் போட்டேன். கடைசி நாள், மணி மூன்றே முக்கால் இருக்கும். மேண்டேட் உடனே வரவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்து, மொய் எழுதி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறிய பிறகு எடுத்துப் பார்த்தால் 4:20-க்கு மேண்டேட் வந்து கிடக்கிறது, மணி 5:35. அன்றிலிருந்து கடைசி நாளில் போடுவதே இல்லை. சீக்கிரம் போட்டால் வாய்ப்பு கூடாது என்று மேலே சொன்னேன், உண்மைதான். ஆனால் மேண்டேட் தாமதமானால் சமாளிக்க ஒரு நாள் கையில் இருக்கும்.

இன்னொரு காட்சியும் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், போனை நீட்டி, "இதைப் பாருங்க, பதினாலாயிரத்துச் சொச்சம் கேக்குது, பின் போடச் சொல்லுது, நான் வேண்டாம்னு அழுத்திட்டேன்" என்றார். முந்தின நாள் அவரே போட்ட ஐ.பி.ஓ.வின் மேண்டேட்தான் அது. அவர் பயந்ததில் தப்பே இல்லை, பின் போட்டதும் பணம் போன கதைகளைத் தினமும் படிக்கிறோம். ஆகவே திரையில் மூன்றைப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயர், நீங்கள் விண்ணப்பித்த அதே தொகை, எந்தத் தேதி வரை செல்லும் என்பது. மூன்றும் பொருந்தினால் பின் போடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத ஒன்றுக்கு மேண்டேட் வந்தால் யார் போன் செய்து சொன்னாலும் தொடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மகனுடைய யூ.பி.ஐ. ஐ.டி.யைக் கொடுத்தீர்களா? டீமேட் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) உங்கள் பெயரிலும் வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரிலும் இருந்தால் பணம் பிளாக் ஆனாலும் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும். உங்கள் பான், உங்கள் டீமேட், உங்கள் வங்கிக் கணக்கு, மூன்றும் ஒருவருடையதாகவே இருக்கட்டும். யூ.பி.ஐ. பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலான வங்கிகளின் நெட் பேங்கிங்கிலேயே நேராக விண்ணப்பிக்கலாம், அதில் மேண்டேட் தொந்தரவே கிடையாது. வயதில் பெரியவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

கேள்வி: 'கட்-ஆஃப் விலை' என்பதை டிக் செய்ய வேண்டுமா, விலையை நாமே எழுத வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: டிக் செய்யுங்கள். உங்கள் ஊர் உதாரணமே இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 500 முதல் 525 ரூபாய் வரை விலை வைத்து வந்தது, ஒரு லாட்டுக்கு 28 பங்குகள். வழக்கமாக மேல் விலையே இறுதி விலையாகிவிடும், இதில் 510 என்று முடிவானது. கட்-ஆஃப் போட்டவர்களுக்கு 525 கணக்கில் 14,700 ரூபாய் பிளாக் ஆகி, 510 கணக்கில் 14,280 மட்டும் எடுக்கப்பட்டது, மீதி 420 விடுவிக்கப்பட்டது. 'மலிவாகக் கிடைக்கட்டும்' என்று 505 எழுதியவர்கள் வெளியே போனார்கள். என்ன விலை வந்தாலும் சம்மதம் என்பதுதான் கட்-ஆஃப், இந்த வசதி சிறு முதலீட்டாளருக்கு உண்டு, பெரிய முதலீட்டாளருக்குக் கிடையாது.

கேள்வி: என் பெயரில் இரண்டு புரோக்கரிடம் டீமேட் இருக்கிறது. இரண்டிலும் போடலாமா? வாய்ப்பைக் கூட்ட நேர்மையான வழி ஏதாவது உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டிலும் போட்டால் இரண்டுமே போய்விடும். பான் ஒன்றுதானே.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு பெரிய மோசடி இருக்கிறது. 2005-ல் யெஸ் பேங்க், ஐ.டி.எஃப்.சி. ஐ.பி.ஓ.க்கள் வந்தபோது அகமதாபாத்தில் சிலர் ஆயிரக்கணக்கான பினாமி டீமேட் கணக்குகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் சிறு முதலீட்டாளர் போல விண்ணப்பித்து, கிடைத்ததையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சந்தையில் பட்டியலிட்டதும் விற்றார்கள். உண்மையான சின்ன ஆட்கள் வெறுங்கையோடு நின்றார்கள். செபி கண்டுபிடித்து 2006-ல் உத்தரவு போட்டது, டீமேட்டுக்கு பான் கட்டாயமானதும் அதே வருடம்தான். அந்த லாபத்தில் ஒரு பகுதியை மீட்டு, அப்போது பங்கு கிடைக்காமல் போனவர்களுக்குச் சில வருடங்கள் கழித்துக் கொடுத்தார்கள். எனவே 'ஒரு ஆள், ஒரு விண்ணப்பம்' என்ற விதியைத் தொல்லையாக நினைக்காதீர்கள். உங்களையும் என்னையும் காப்பாற்றுவது அந்த விதிதான்.

நேர்மையான வழிகள் இரண்டு. வீட்டில் மனைவி, அப்பா, அம்மா என்று ஒவ்வொருவருக்கும் சொந்த பான், சொந்த டீமேட், சொந்த வங்கிக் கணக்கு இருந்தால் ஆளுக்கு ஒன்று போடலாம். அவரவர் பணத்தில் போடுவது நல்லது. மனைவிக்கு நீங்கள் பணம் கொடுத்துப் போட்டால் அந்த லாபம் வரிக் கணக்கில் உங்கள் வருமானத்தோடு சேரும்.

இரண்டாவது வழியைப் பலரும் கவனிப்பதில்லை. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் நிறுவனத்தின் குழுமத்திலிருந்து புது ஐ.பி.ஓ. வந்தால், சில நேரம் பழைய பங்குதாரர்களுக்குத் தனி ஒதுக்கீடு வைப்பார்கள். 2023 நவம்பரில் டாடா டெக்னாலஜீஸ் வந்தபோது டாடா மோட்டார்ஸ் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அப்படி இருந்தது. 2024 செப்டம்பரில் பஜாஜ் ஹவுசிங் ஃபைனான்ஸ் வந்தபோது பஜாஜ் ஃபைனான்ஸ், பஜாஜ் ஃபின்செர்வ் பங்குதாரர்களுக்கும் இருந்தது. முதலாவது 500-க்கு வெளியாகி 1,200-ல் திறந்தது, இரண்டாவது 70-க்கு வெளியாகி 150-ல். பங்குதாரர் ஒதுக்கீட்டில் ஒன்று, ரீடெய்லில் ஒன்று என்று ஒரே பானில் இரண்டு போடலாம், இது விதி அனுமதிப்பது. நிறுவனம் இறுதி விளக்க ஆவணத்தைத் தாக்கல் செய்யும் நாளில் உங்கள் டீமேட்டில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வாங்கினால் பெரும்பாலும் தாமதமாகிவிடும்.

கேள்வி: கிரே மார்க்கெட் பிரீமியம் அதிகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாமா? கிடைத்தால் முதல் நாளே விற்றுவிடலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: கிரே மார்க்கெட் என்பது செபி, பங்குச் சந்தை எதன் கண்காணிப்பிலும் இல்லாத, பட்டியலிடும் முன்பே வாய்ப்பேச்சில் நடக்கும் வியாபாரம். அங்கே வெளியீட்டு விலைக்கு மேல் பேசப்படும் தொகைதான் பிரீமியம். அந்த எண்ணை யார் சொன்னார்கள், எத்தனை பங்கு கைமாறியது என்று கேட்டால் பதில் கிடையாது. நான் அதைப் பார்ப்பதில்லை, நீங்களும் பார்க்க வேண்டாம் என்பேன்.

பெரிய பெயர், பெரிய பேச்சு என்பதை நம்பியவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பரில் பேடிஎம் 2,150 ரூபாய்க்கு வந்து முதல் நாளிலேயே 27 சதவீதம் விழுந்தது. 2022 மே மாதம் எல்.ஐ.சி. 949-க்கு வந்தது, பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி. நம் வீடுகளில் முதல் டீமேட் கணக்கே அதற்காகத்தான் திறந்தவர்கள் எத்தனை பேர்! பி.எஸ்.இ.யில் 867-க்குத் திறந்தது, தள்ளுபடியோடு 889-க்கு வாங்கிய பாலிசிதாரருக்கும் நஷ்டம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், போச்சம்பள்ளியில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் 76-க்கு வந்து அதே 76-ல் திறந்தது. லாபம் காட்டாத நிறுவனம் என்பதால் அதில் சிறு முதலீட்டாளருக்கு 10 சதவீதம்தான் ஒதுக்கினார்கள், வழக்கமான நிறுவனங்களில் 35. விளக்க ஆவணத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒதுக்கீட்டு எண்ணைப் பாருங்கள், 10 என்று இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். வரும் பணம் நிறுவனத்துக்குப் போகிறதா, பழைய முதலாளிகள் பங்கை விற்று எடுத்துக்கொள்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஹூண்டாயில் முழுத் தொகையும் கொரியத் தாய் நிறுவனத்துக்குத்தான் போனது.

விற்பதா, வைப்பதா? 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரையிலான ஐ.பி.ஓ.க்களை செபி ஆராய்ந்தபோது, தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்த பங்குகளில் மதிப்பின்படி பாதியை ஒரே வாரத்தில் விற்றிருந்தார்கள். விற்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். முதல் நாள் லாபத்துக்காகத்தான் போட்டீர்கள் என்றால், இறங்கினாலும் அன்றைக்கே விற்கும் துணிவு வேண்டும். நான் பார்ப்பது என்னவென்றால், ஏறினால் விற்றுவிடுகிறார்கள், இறங்கினால் மட்டும் 'நீண்டகால முதலீடு' என்று வைத்துக்கொள்கிறார்கள். டீமேட்டில் மோசமான பங்குகளாகச் சேர்வது இப்படித்தான். விற்றால் ஒரு வருடத்துக்குள் வரும் லாபத்துக்கு 20 சதவீத வரி உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில், 'நிறுவன ஒதுக்கீட்டில் உறுதியாக ஐ.பி.ஓ. வாங்கித் தருகிறோம்' என்று சொல்லி ஒரு ஆப் அனுப்பியிருக்கிறார்கள். 40,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். ஆப்பில் பங்கு வந்ததாகக் காட்டுகிறது, விற்றால் பணம் எடுக்க முடியவில்லை, இன்னும் 25,000 வரி கட்டச் சொல்கிறார்கள்.
– பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அம்மா, இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இதைப் படிக்கும் நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், முதலில் வீட்டில் சொல்லுங்கள். ஏமாற்றியவர்கள்தான் வெட்கப்பட வேண்டியவர்கள், நீங்கள் இல்லை.

மற்றவர்களுக்கு: உண்மையான ஐ.பி.ஓ.வில் பங்கு ஒதுக்கப்படும் வரை பணம் உங்கள் வங்கிக் கணக்கைவிட்டு நகராது, சேமிப்புக் கணக்கு என்றால் பிளாக் ஆன நாட்களுக்கும் வட்டி உண்டு. யாருடைய கணக்குக்காவது பணம் அனுப்பு என்று சொன்னால் அது ஐ.பி.ஓ.வே இல்லை. நிறுவன ஒதுக்கீடு என்பது மியூச்சுவல் ஃபண்ட் போன்ற பெரிய நிறுவனங்களுக்கானது, அதில் தனிநபருக்குப் பங்கு வாங்கித் தர யாராலும் முடியாது.

கேள்வி: எஸ்.எம்.இ., அதாவது சிறு, நடுத்தர நிறுவனங்களின் ஐ.பி.ஓ.க்களில் நல்ல லாபம் என்கிறார்களே?
– வாசகர், திருப்பூர்

பதில்: 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு ஷோரூம் மட்டும் வைத்திருந்த ஒரு பைக் டீலர் 12 கோடி ரூபாய் கேட்டு வந்தார், 4,800 கோடிக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பக்கம் பயம்தான். இப்போது குறைந்தபட்ச விண்ணப்பமே இரண்டு லட்சத்துக்கு மேல். சின்னச் சேமிப்புக்காரர்கள் விலகி இருக்கட்டும் என்றுதான் அப்படி உயர்த்தினார்கள், நீங்களும் விலகியே இருங்கள்.

கேள்வி: அலாட் ஆகவில்லை என்று வந்துவிட்டது, பிளாக் ஆன பணம் இன்னும் விடுபடவில்லை. யாரைக் கேட்பது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 2023 டிசம்பரிலிருந்து வெளியீடு முடிந்த மூன்றாம் வேலை நாளில் பங்கு பட்டியலிட்டாக வேண்டும், அதற்கு முந்தின நாளுக்குள் பணம் விடுபட வேண்டும். முதலில் யூ.பி.ஐ. ஆப்பில் மேண்டேட் பகுதியைப் பாருங்கள், அது ரத்தாகியிருந்தும் வங்கியில் மட்டும் பிளாக் நிற்பது உண்டு. அப்படியானால் மேண்டேட் எண்ணோடு வங்கிக் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள், விண்ணப்ப எண்ணோடு ரெஜிஸ்ட்ராருக்கு மின்னஞ்சல் போடுங்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, எது அதிகமோ அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வங்கி கொடுக்க வேண்டியது அது, கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியுங்கள், பான் எண்ணும் மேண்டேட் திரையின் படமும் கையில் இருந்தால் போதும்.